முதல் கார், புதுக் கம்பெனி: வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

புதிதாகக் கார் தொழிலுக்கு வந்த ஒரு நிறுவனம் தன் முதல் மின்காரை அறிவிக்கும்போது, வாங்க நினைப்பவர் முன்னால் இரண்டு விதமான செய்திகள் வந்து நிற்கின்றன. ஒரு பக்கம் அசத்தும் வேகம், நீண்ட ரேஞ்ச் (ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம்), பழைய நிறுவனங்கள் இந்த விலையில் தராத வசதிகள். இன்னொரு பக்கம், ஏதோ ஒரு புது நிறுவனம் திவாலாகி, அதன் கார்களை வாங்கியவர்கள் சாவிக்கும் உதிரிபாகத்துக்கும் அலைகிறார்கள் என்ற செய்தி. இரண்டுமே உண்மை. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் பலர் திண்டாடுகிறார்கள்.

காரைப் பற்றிய கேள்வியையும் கம்பெனியைப் பற்றிய கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கலுக்குக் காரணம். கார் எப்படி ஓடுகிறது என்பது அரை மணி நேர டெஸ்ட் டிரைவில் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் மின்காரை எட்டுப் பத்து வருடம் வைத்திருப்போம். அத்தனை வருடமும் அதற்கு சர்வீஸ், உதிரிபாகம், மென்பொருள் அப்டேட் எல்லாம் வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரை ஒரு கேள்வியை மையமாக வைத்துக்கொள்கிறது: நாளைக்கு இந்தக் கம்பெனி இல்லாமல் போனால், இந்தக் காரில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

## 'புது நிறுவனம்' என்றால் எல்லாம் ஒன்றல்ல

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் புது பிராண்டுதான். ஆனால் ஆபத்தின் அளவு வகைக்கு வகை மாறுகிறது.

1. அடியிலிருந்து தொடங்கிய நிறுவனங்கள். டெஸ்லா 2008-ல் ரோட்ஸ்டரோடு வந்தது; ரிவியனும் லூசிடும் 2021-ல் முதல் கார்களை வாடிக்கையாளர் கையில் கொடுத்தன. தொடக்க வருடங்களில் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் கார் விற்பனையைத் தவிர வேறு வருமானம் ஏறக்குறைய கிடையாது. அப்போது முதலீட்டாளர் பணத்தில்தான் வண்டி ஓடும்.

2. வேறு தொழிலில் காலூன்றிவிட்டு கார் பக்கம் வந்தவை. போனுக்குப் பேர்போன ஷாவ்மி 2024 மார்ச்சில் எஸ்.யு.7 காரை வெளியிட்டது. அந்த வருடம் நவம்பரிலேயே ஒரு லட்சமாவது கார் ஆலையிலிருந்து வெளியே வந்துவிட்டது. தாய் நிறுவனத்திடம் வேறு வருமானம் இருப்பதால் இங்கே திவால் பயம் குறைவு. ஆனால் 'இந்தத் தொழில் சரிப்படவில்லை' என்று கடையைக் கட்டும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

3. பழைய கார் நிறுவனத்தின் முதல் மின்கார். நிறுவனம் புதிது கிடையாது. பேட்டரியும் மென்பொருளும்தான் அதற்குப் புதிது.

4. கார் வடிவமைப்பு ஒருவருடையது, தயாரிப்பு இன்னொருவருடையது. ஃபிஸ்கர் நிறுவனத்தின் ஓஷன் காரைத் தயாரித்தது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உள்ள மேக்னா ஸ்டைர் ஆலை. ஒப்பந்தத் தயாரிப்பில் பல வருட அனுபவம் உள்ள இடம் அது.

எனவே 'யார் தயாரித்தது' என்பதோடு நிறுத்தாமல், 'விற்ற பிறகு யார் பொறுப்பு' என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

## முதல் வண்டிகளில் குறை ஏன் வருகிறது

மின்கார் என்றதும் எல்லோருக்கும் பேட்டரிதான் கவலை. ஆனால் முதல் வருட வண்டிகளின் வரலாற்றைப் பார்த்தால், சாதாரண போல்ட் விஷயத்திலும் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

2009 மே மாதம் டெஸ்லா 345 ரோட்ஸ்டர்களை ரீகால் செய்தது. அதாவது, குறையைச் சரிசெய்து தர அவற்றைத் திரும்ப அழைத்தது. பின்சக்கர ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) போல்ட்கள் ஆலையில் சரியாக முறுக்கப்படவில்லை. 2022 அக்டோபரில் ரிவியன் சுமார் 12,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதுவரை விற்ற வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே அதில் அடங்கிவிட்டன. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம், சக்கரத்தைத் திருப்பும் பாகமான ஸ்டீயரிங் நக்கிளோடு சேரும் இடத்தில் போல்ட் போதிய அளவு முறுக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்பது காரணம்.

சரி, இதெல்லாம் அனுபவமில்லாதவர்கள் செய்யும் தவறு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே 2022-ல், ஜூன் மாதம், டொயோட்டாவுக்கும் இதே கதி. உலகச் சந்தைக்காகப் பெரிய அளவில் அது கொண்டுவந்த முதல் முழு மின்காரான பி.இசட்.4.எக்ஸ்., விற்பனைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சுமார் 2,700 வண்டிகள் ரீகால் ஆயின. ஹப் போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடலாம், சரிசெய்யும்வரை ஓட்டவேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள்.

பல பத்தாண்டுகளாகக் கார் செய்கிறவர்களுக்கே இது ஏன் நடக்கிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். ஐந்நூறு வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் வரும் ஒரு குறை இருக்கிறது என்று வையுங்கள். நிறுவனம் நூறு சோதனை வண்டிகளை ஓட்டிப் பார்க்கிறது. அந்த நூறில் ஒன்றில்கூட இந்தக் குறை தலைகாட்டாமல் போவதற்கு 80 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. பத்தாயிரம் வண்டிகள் தெருவுக்கு வந்த பிறகு, இருபது பேருக்கு அது நடந்திருக்கும். அப்போதுதான் நிறுவனத்துக்கே தெரியவரும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சோதனை வண்டிகளைத் தேர்ந்த ஆட்கள் பொறுமையாகப் பூட்டுகிறார்கள். விற்பனை வண்டிகளோ, நிமிடக் கணக்கில் நகரும் அசெம்பிளி லைனில், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கையால் உருவாகின்றன. உதிரிபாகம் தரும் நிறுவனங்களும் அதே நேரத்தில்தான் தங்கள் உற்பத்தியை ஏற்றிக்கொண்டிருக்கும். முதல் ஆறு மாத வண்டியும் பதினெட்டாவது மாத வண்டியும் பெயரளவில்தான் ஒரே மாடல்.

ஆகவே குறை வருமா என்று கேட்பதில் பயன் குறைவு. வரும். வந்தால் யார், எங்கே, எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2009-ல் டெஸ்லா உரிமையாளர்களின் வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பிப் போல்ட்டை முறுக்கிக் கொடுத்தது. வண்டிகள் சில நூறு என்பதால் அது முடிந்தது.

## குட்டி பேட்டரி செய்யும் கூத்து

முதல் வருடப் புகார்களில் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மின்காரில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன. அடித்தளத்தில் இருக்கும் பெரிய பேட்டரி மோட்டாரைச் சுழற்றுகிறது. அதைத் தவிர, சாதாரணக் காரில் இருப்பதுபோல 12 வோல்ட் பேட்டரி ஒன்று பெரும்பாலான மின்கார்களில் உண்டு. கதவுப் பூட்டு, திரை, விளக்கு, கணினிகள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலே என்ற மின்சுவிட்சை இயக்குவதும் இதுவேதான்.

காரை நிறுத்திப் பூட்டியதும் உள்ளே இருக்கும் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப்போக வேண்டும். மென்பொருள் பக்குவப்படாத வண்டியில், ஏதோ ஒரு கணினி தூங்காமல் விழித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் குட்டி பேட்டரி காலி. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருக்கும். ஆனால் கதவு திறக்காது, திரை எரியாது, கார் அசையாது. வண்டியை இழுத்துப் போக டிரக் வரவேண்டியதுதான்.

டெஸ்ட் டிரைவ் கொடுக்கும் ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: '12 வோல்ட் பேட்டரி செத்துப்போனால் கதவை எப்படித் திறப்பது? வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனை எங்கே இருக்கிறது?' கையேட்டைப் புரட்டாமல் காட்டத் தெரிந்தால் நல்லது. உள்ளே மாட்டிக்கொண்டால் கையால் இழுத்துத் திறக்கும் பிடி ஒவ்வொரு கதவிலும், பின்கதவிலும் சேர்த்து, எங்கே என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

## பெரிய பேட்டரி: பெட்டிக்குள் யாருடைய செல்?

மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தனித்தனி மின்கலம்தான் செல். பல செல்களைச் சேர்த்துக் கட்டினால் மாட்யூல். மாட்யூல்களை, அல்லது நேரடியாகவே செல்களை, குளிரூட்டும் குழாய்களோடும் கண்காணிக்கும் கணினியோடும் ஒரு பெட்டிக்குள் அடைத்தால் அது பேக். அந்தக் கணினிக்குப் பெயர் பி.எம்.எஸ்.

புது நிறுவனங்களில் பெரும்பாலானவை செல்லைச் சொந்தமாகச் செய்வதில்லை, சி.ஏ.டி.எல்., எல்ஜி, பி.ஒய்.டி., சாம்சங், பானாசோனிக் போன்றவற்றிடம் வாங்குகின்றன. 'பெரிய கம்பெனி செல், ஆகவே பயமில்லை' என்று அதை வைத்து விளம்பரமும் செய்கிறார்கள். அது பாதி நிம்மதிதான் தரும். செல் நன்றாக இருந்தும் மாட்யூலைக் கட்டிய விதத்தில் கோளாறு வரலாம். சீனாவின் நியோ நிறுவனம் தன் முதல் பெருவாரித் தயாரிப்பான இ.எஸ்.8 காரில் 4,803 வண்டிகளை 2019 ஜூனில் ரீகால் செய்தது. அதற்கு முன் சில வண்டிகள் தீப்பிடித்திருந்தன. மாட்யூலுக்குள் போகும் ஒரு வயர்க் கட்டு, மேல்மூடியின் அடியில் நசுங்கும் இடத்தில் இருந்திருக்கிறது. நசுங்கி, உறை தேய்ந்து, ஷார்ட் சர்க்யூட் ஆகும் அபாயம். ஒரு வயர் போன வழி சரியில்லை, அவ்வளவுதான்.

செல்லிலேயே குறை வந்தால்? ஜாகுவார் ஐ-பேஸ் அந்த நிறுவனத்தின் முதல் மின்கார். 2018-ல் வந்தது, 2019-ல் உலகின் சிறந்த கார் விருதும் வாங்கியது. பிற்பாடு தீ அபாயம் காரணமாகத் தொடர்ந்து ரீகால்கள். கடைசியில் 2024-ல், அமெரிக்காவில் 2019 மாடல் வண்டிகள் சுமார் 2,760-ஐ நிறுவனமே பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐ-பேஸைத் தயாரித்ததும் அதே கிராட்ஸ் ஆலைதான். ஃபிஸ்கர் ஓஷன் வந்த அதே இடம். 2024-ல் இரண்டு கார்களின் உரிமையாளர்களும் சிக்கலில் இருந்தார்கள். விருது வாங்கிய காரை வைத்திருந்தவருக்கு, கார் கைவிட்டாலும் பணத்தைத் திரும்பப் பெற வழி இருந்தது. ஓஷன் வைத்திருந்தவருக்கு அப்படிப் பேச எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை. அதைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

பேட்டரி விஷயத்தில் வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டியவை:

1. செல் யாருடையது, பேக் கட்டியது யார்.
2. எந்த வேதியியல். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பொதுவாக அதிக முறை சார்ஜ் ஏற்றுவதைத் தாங்கும், சூட்டையும் ஒப்பீட்டளவில் நன்றாகத் தாங்கும், ஆனால் எடை அதிகம். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை அதே எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும்.
3. வாரண்டி எத்தனை வருடம், எத்தனை சதவீதக் கொள்ளளவு வரை. 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70 சதவீதம் என்பது பரவலான வழக்கம்; அதாவது அதற்குள் கொள்ளளவு புதிதில் இருந்ததில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுவனம் பொறுப்பு. ஐ.நா. வாகன விதிமுறை மன்றம் 2022-ல் ஏற்ற உலகத் தொழில்நுட்ப விதியும் 5 வருடத்துக்கு 80, 8 வருடத்துக்கு 70 சதவீதம் என்றே குறைந்தபட்ச அளவு வைக்கிறது. இதற்குக் கீழே ஒரு புது நிறுவனம் தந்தால், ஏன் என்று கேட்கலாம்.
4. பேக்கில் ஒரு மாட்யூல் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா, முழு பேக்கையும் மாற்ற வேண்டுமா.

## சர்வர் அணைந்தால் கார் என்ன செய்யும்?

பெட்ரோல் கார் நிறுவனம் மூடிப்போனால், ஊரில் நல்ல மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும், வண்டி இன்னும் பல வருடம் ஓடும். இன்றைய மின்காரில் அந்த நம்பிக்கை அரைகுறைதான். காரின் பல வேலைகள் நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொண்டே நடக்கின்றன. சாவிக்குப் பதிலாக போன் ஆப், சார்ஜ் நேரம் வைப்பது, வழிகாட்டும் வரைபடம், வண்டியைத் தொலைவிலிருந்து குளிர்விப்பது, இணையம் வழியாக வரும் அப்டேட். இதில் சில இல்லாவிட்டாலும் ஓட்டலாம். சில இல்லாவிட்டால் கஷ்டம்.

ஃபிஸ்கரில் நடந்ததைக் காலவரிசையில் பார்த்தால் வேகம் புரியும். 2023-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓஷன் கார்கள் தயாராயின. வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது அதில் பாதிக்கும் குறைவு. 2024 பிப்ரவரி கடைசியில், தொழிலைத் தொடர்ந்து நடத்த முடியுமா என்பதே சந்தேகம் என்று நிறுவனமே எச்சரித்தது. மார்ச்சில் உற்பத்தி நின்றது. அந்த மாதமே 61,499 டாலர் விலையுள்ள உயர்ரக ஓஷன் 37,499 டாலருக்கு இறக்கப்பட்டது. முழு விலை கொடுத்து அப்போதுதான் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் திவால் மனு. விற்காமல் கிடந்த சுமார் மூவாயிரத்துச் சொச்சம் கார்களை வாடகைக்கார் நிறுவனம் ஒன்று மொத்தமாக, ஒரு கார் சுமார் 14,000 டாலர் என்ற கணக்கில் வாங்கிக்கொண்டது.

காரை வைத்திருந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். உதிரிபாகம், சாவி, மென்பொருள், ரீகால் வேலை என்று ஒவ்வொன்றுக்கும் தாங்களே அலைந்து வழி தேடினார்கள். அவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் கார் வாங்கிய யாரும் அதற்காகக் கையெழுத்துப் போடவில்லை.

வாங்கும் முன், டெஸ்ட் டிரைவின்போதே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தரைக்குக் கீழே, சிக்னல் வராத பார்க்கிங்கில் காரை நிறுத்துங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இப்போது கதவு திறக்கிறதா? கார்டு சாவியோ சாதா சாவியோ இருந்தால் அது வேலை செய்கிறதா? கார் கிளம்புகிறதா? ஏசி, வைப்பர், கண்ணாடி சரிசெய்தல், சார்ஜ் மூடி திறப்பது, சார்ஜ் ஏற்றுவது எல்லாம் நடக்கிறதா? எது நடக்கவில்லையோ அதைக் குறித்து வையுங்கள். நிறுவனம் போனால் கூடவே போகப்போகிறவற்றின் பட்டியல் அது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பல கார்களில் ஒரு கணினியையோ விளக்கையோ மாற்றினால், புதிய பாகத்தைக் காரோடு 'ஜோடி சேர்க்க' வேண்டும். அதற்கான கருவி நிறுவனத்தின் சர்வரில் லாகின் செய்தால்தான் திறக்கும். ஆகவே, வெளி ஒர்க்‌ஷாப்களுக்கு அந்தக் கருவியும் பழுதுபார்ப்புக் கையேடும் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். என் கணிப்பில், ஒரு புது நிறுவனத்தின் நேர்மையை அளக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

மென்பொருளின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் அமெரிக்காவுக்கு முதல் தடவையாக அனுப்பிய வி.எஃப்.8 கார்கள் 999-ம், திரை திடீரென்று இருண்டுபோகும் என்பதால் 2023 மே மாதம் ரீகால் ஆயின. அப்டேட் மூலம் சரிசெய்தார்கள். வண்டியைத் தொடாமலே குறை தீர்க்கும் இந்த வசதி பெரிய வரம்தான், நிறுவனம் உயிரோடு இருக்கும்வரை.

## எட்டு வருட வாரண்டியும் ஒன்றரை வருடப் பணமும்

வாரண்டி என்பது நிறுவனம் தரும் வாக்கு. காப்பீடு போல வேறொருவர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. திவால் நடைமுறையில், அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் பணம். வாரண்டியை நம்பியிருக்கும் கார் உரிமையாளர் வரிசையின் கடைசிப் பக்கம் நிற்பார். பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தால், அதன் காலாண்டு அறிக்கை யாருக்கும் கிடைக்கும். கணக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றே விஷயங்களைத் தேடினால் போதும்.

1. கையில் உள்ள ரொக்கம், ஒரு காலாண்டில் கரையும் பணம். 120 கோடி கையிருப்பு, காலாண்டுக்கு 20 கோடி கரைகிறது என்றால், புதுப் பணம் வராவிட்டால் ஆறு காலாண்டு. ஒன்றரை வருடம். அந்த நிறுவனம் கொடுக்கும் எட்டு வருட வாரண்டியை இந்த எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2. ஒரு காரை விற்றால் லாபமா நஷ்டமா. தொடக்கத்தில் எல்லோருக்கும் நஷ்டம்தான். காலாண்டுக்குக் காலாண்டு அது குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. தொழிலைத் தொடர முடியுமா என்பதில் சந்தேகம் இருப்பதாகத் தணிக்கையாளரோ நிறுவனமோ எழுதியிருக்கிறார்களா. அந்த வரி இருந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் நான் தள்ளியே நிற்கச் சொல்வேன்.

பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம் என்றால் இந்தக் கதவு மூடியிருக்கும். அப்போது பின்னால் இருப்பது யார், அவர்களிடம் எவ்வளவு பணபலம் என்பதைத்தான் பார்க்க முடியும்.

ஆனால் இந்த எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. டெஸ்லா 2008 டிசம்பரில் மூழ்கும் நிலைக்கு வந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கிடைத்த முதலீட்டில் பிழைத்தது. நியோவுக்கு 2020-ல் சீனாவின் ஹெஃபெய் நகர அரசு சார்ந்த முதலீட்டாளர்கள் 700 கோடி யுவான் தந்து கைதூக்கி விட்டார்கள். அவர்களிடம் கார் வாங்கியவர்கள் அதிர்ஷ்டத்தால் தப்பித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் தன் சேமிப்பில் பெரும்பகுதியைப் போடும் இடத்தில், அப்படிப்பட்ட அதிர்ஷ்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

## ரேஞ்ச் எண்ணைப் பற்றி இரண்டு வரி

விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டர் எந்தச் சோதனை முறையில் வந்தது என்று பாருங்கள். சீனாவின் சி.எல்.டி.சி. முறை பொதுவாக மிகத் தாராளம், ஐரோப்பாவின் டபிள்யு.எல்.டி.பி. அதற்கடுத்து, அமெரிக்காவின் இ.பி.ஏ. கண்டிப்பானது. அதைவிட நேரான வழி, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று கேட்பது. 60 யூனிட் பேட்டரியில், 16 யூனிட் செலவானால் 375 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வேகத்தில் 20 ஆனால் 300. கடும் குளிரில் ஹீட்டரோடு 24 ஆனால் 250. இதில் புது நிறுவனம், பழைய நிறுவனம் என்ற பேதம் பெரிதாக இல்லை.

## ஒரு சின்ன இடி, மூன்று மாதக் காத்திருப்பு

புது நிறுவனக் கார் வைத்திருப்பவர்களை அதிகம் சோதிப்பது பழுதைவிட விபத்துதான். பின்னால் வந்த வண்டி லேசாக இடித்தது என்று வையுங்கள். பம்பர், சென்சார், விளக்கு. இவற்றை வேறு எந்தக் காரிலிருந்தும் எடுத்து மாட்ட முடியாது. ஆலையில் தயாராகும் பாகங்கள் புதுக் கார்களுக்கே பற்றாக்குறை என்னும்போது, பழுதுக்கு ஒதுக்குவது கடைசியில்தான். பெரிய வார்ப்புகளாக உடலைச் செய்யும் கார்களில், ஓரத்தில் பட்ட அடிக்கே பெரும்பகுதியை மாற்ற வேண்டி வரலாம்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது தெரியும். ஆகவே முன்பதிவு செய்யும் முன்பே அந்த மாடலுக்கு பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் மறுத்தாலோ, வழக்கத்தைவிட அதிகம் கேட்டாலோ, அதுவே ஒரு செய்தி. அப்புறம், அருகிலுள்ள சர்வீஸ் மையத்துக்கே போன் போட்டு, முன்பக்கக் கண்ணாடியோ பம்பரோ வர எத்தனை நாள் ஆகும் என்று விசாரியுங்கள். விற்பனை ஆளிடம் கேட்டால் வரும் பதிலும் இதுவும் ஒன்றாக இருக்காது.

## முன்பணம்

கார் கைக்கு வரும் முன்பே பணம் போகும் வாய்ப்பும் இருக்கிறது. கூரையிலும் கதவிலும் சூரியத் தகடு வைத்த சியோன் என்ற காரை ஜெர்மனியின் சோனோ மோட்டார்ஸ் தயாரிப்பதாக இருந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்பதிவு செய்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. முன்பணத்தைத் தவணையில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். முன்பணம் தனிக் கணக்கில் வைக்கப்படுகிறதா, எப்போது கேட்டாலும் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அது நிறுவனத்துக்கு நீங்கள் வட்டியில்லாமல் கொடுக்கும் கடன்.

## முடிவெடுக்கும் வரிசை

1. இந்தக் கார் நின்றுபோனால் வீட்டில் வேறு வண்டி உண்டா? இல்லை என்றால் முதல் வருட வண்டி வேண்டாம். வேலைக்கும் மருத்துவமனைக்கும் இதை ஒன்றை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்தச் சோதனை தேவையில்லாத பாரம்.

2. போய்வரும் தூரத்தில் சர்வீஸ் மையம் திறந்திருக்கிறதா? 'விரைவில் திறக்கிறோம்' என்பதைத் திறக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. சிக்னல் இல்லாத சோதனையில் கார் ஓட்டத்துக்குத் தேவையான எல்லாம் நடந்ததா?

4. மூன்று வருடத்தில் விலை பாதிக்கும் கீழே போனால் தாங்க முடியுமா? கடனில் வாங்குகிறவர் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும். காரின் மதிப்பு கடன் பாக்கியைவிடக் குறைந்துவிட்டால் விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

5. குத்தகைக்குக் கிடைக்கிறதா? மறுவிற்பனை விலை விழுந்தால் அந்த நஷ்டம் குத்தகை நிறுவனத்தின் தலையில். புது நிறுவனக் கார் மேல் ஆசை இருப்பவருக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.

6. பொறுத்திருக்க முடியுமா? ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து அதே கார் இன்னும் நல்ல வண்டியாக, பெரும்பாலும் இன்னும் குறைந்த விலையில் வரும். நிறுவனம் பிழைத்ததா என்பதும் அதற்குள் ஓரளவு தெரிந்திருக்கும்.

இரண்டாவது வண்டி வீட்டில் இருக்கிறது, சர்வீஸ் மையம் பக்கத்தில் இருக்கிறது, நிறுவனத்தின் பின்னால் பணபலம் இருக்கிறது, விலை விழுந்தாலும் வீடு ஆடாது என்றால், தாராளமாக வாங்கலாம். முதல் ரோட்ஸ்டரை வாங்கியவர்கள் இல்லாமல் இரண்டாவது டெஸ்லா வந்திருக்காது.

## வாங்குவது என்று ஆன பிறகு, சாவி வாங்கும் நாளில்

கையெழுத்துப் போடும் முன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கதவு இடுக்குகளை விரலால் தடவிப் பாருங்கள். மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் கதவு சரியாகப் பொருத்தப்படவில்லை, மழைத்தண்ணீர் உள்ளே வரலாம். முடிந்தால் குழாய்த் தண்ணீரை கூரை விளிம்பிலும் பின்கதவைச் சுற்றியும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே தரைவிரிப்பின் அடியில் கைவைத்துப் பாருங்கள். சாதாரண சார்ஜரிலும் வேகமான டி.சி. சார்ஜரிலும் ஒவ்வொரு முறை செருகி, சார்ஜ் ஏறத் தொடங்குகிறதா என்று பாருங்கள். காரை முழுவதுமாகப் பூட்டி, இருபது நிமிடம் தள்ளிப் போய்விட்டு வந்து, ஆப்பைத் தொடாமல் சாவியால் மட்டும் திறந்து பாருங்கள். இரண்டு சாவி தந்தார்களா என்று எண்ணிக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண்ணைப் போட்டு, நிலுவையில் உள்ள ரீகால் வேலைகள் இந்த வண்டிக்கு முடிந்துவிட்டனவா என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். சக்கர போல்ட் எத்தனை இறுக்கத்தில் முறுக்கப்பட்டது என்ற பதிவு இருந்தால், அதில் ஒரு பிரதியும்.